குழாய்க்குள் நாலு நிறம்: உங்கள் மிஜாஜை நீங்களே பார்ப்பது எப்படி

ரத்தம் எடுப்பது என் வேலை. சிங்கப்பூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் முப்பத்து நாலு வருஷம் அதைத்தான் செய்தேன். சிவப்பு மூடிக் குழாயில் பிடித்த ரத்தத்தை உடனே இயந்திரத்தில் போட்டுச் சுழற்றக் கூடாது. அரை மணி நேரமாவது நிற்க வைத்து உறைய விட வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த 1988இல் கண்ணாடிக் குழாய்கள்தான் புழக்கம். ஓர் இரவுப் பணியில் ஒரு குழாயைத் தாங்கியிலேயே மறந்துவிட்டேன். இரண்டு மணி நேரம் கழித்து எடுத்து விளக்குக்கு நேராகப் பிடித்தேன். அடியில் கறுப்பென்றே சொல்லத்தக்க கட்டி. அதன்மேல் பளிச்சென்ற சிவப்பு. அதற்கும் மேலே நூல் கனத்தில் ஒரு வெளிறிய பட்டை. உச்சியில் தெளிந்த மஞ்சள் நீர்.

எங்கள் நன்னா (தாத்தா) சின்ன வயசில் எனக்கு வாய்ப்பாடு மாதிரிச் சொல்லிக் கொடுத்த நாலு வார்த்தைகள் அப்போது ஞாபகத்துக்கு வந்தன. தம், பல்கம், சஃப்ரா, சவ்தா. ரத்தம், கபம், மஞ்சள் பித்தம், கரும்பித்தம். வெகு காலம் கழித்துத்தான் தெரிந்தது, இதையே ராபின் ஃபாரேயுஸ் என்ற ஸ்வீடன் மருத்துவரும் சொல்லியிருக்கிறார் என்று. சிவப்பணுக்கள் அடியில் இறங்கும் வேகத்தைப் பார்க்க நாங்கள் தினமும் போடுகிற ஈ.எஸ்.ஆர் பரிசோதனைக்கு வழி போட்டவர்களில் ஒருவர் அவர். பழைய கிரேக்கர்கள் பாத்திரத்தில் பிடித்து வைத்த ரத்தம் இப்படிப் பிரிவதைப் பார்த்துத்தான் நாலு நீர்மங்கள் என்ற எண்ணத்துக்கு வந்திருப்பார்கள் என்பது அவருடைய ஊகம். நோயாளியின் ரத்தத்தில் சிவப்பணுக்கள் சீக்கிரம் அடியில் இறங்கிவிடும். அதனால் வெளிறிய பட்டை தடிப்பாகத் தெரியும். ‘கபம் மிஞ்சிவிட்டது’ என்று அந்தக் காலத்து மருத்துவர் சொல்ல அது போதும்.

இந்த நாலு நீர்மங்களை வைத்துப் பார்க்கும் யூனானி மருத்துவத்தைக் கேள்விப்பட்டு, ‘நமக்கு என்ன மிஜாஜ், அதாவது என்ன உடல்வாகு, அதை எப்படிக் கண்டுபிடிப்பது’ என்று என்னிடம் கேட்கிறவர்கள் அதிகம். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நோய்க்கு மருந்து சொல்லும் கட்டுரை இல்லை இது. ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு வாரம், வீட்டில் இன்னொரு ஆள், இவ்வளவு இருந்தால் போதும்.

முதலில் நன்னாவைப் பற்றிக் கொஞ்சம். கடையநல்லூர்க்காரர். இளவயதில் வாணியம்பாடியில் ஒரு ஹக்கீமிடம் (யூனானி வைத்தியர்) சில வருஷம் எடுபிடியாக இருந்து கற்றுக்கொண்டவர். 1937இல் ரஜூலா கப்பலில் சிங்கப்பூர் வந்து இறங்கினார். தஞ்சோங் பகாரில் எங்கள் ஊர்ப் பெண்கள் மசாலா இடித்து விற்ற காலம் அது. நன்னாவுக்கு அங்கே ஒரு சில்லறைக் கடை. மதியம் ஆள் குறைந்ததும் கடையின் பின்பக்கம் முக்காலியைப் போட்டு நாடி பார்ப்பார். காசு வாங்கியதில்லை. வந்தவர்கள் போகும்போது பத்து காசுக்குச் சீரகமாவது வாங்கிக்கொண்டு போவார்கள்.

பேரில் என்ன இருக்கிறது

யூனானி என்றால் ‘யூனான் நாட்டது’. யூனான் என்று அரபுக்காரர்கள் சொன்னது கிரேக்கத்தை. அயோனியா என்ற பேர் மருவி அப்படி ஆயிற்று. நம் சங்கப் பாட்டில் வருகிற யவனரும் அதே வேரில் கிளைத்தவர்தான். நன்னா வாயில் ஹிப்போக்ராட்டஸ் ‘புக்ராத்’. கேலன் ‘ஜாலினூஸ்’. நான் ரொம்ப நாள் ஜாலினூஸ் என்பவர் மேலப்பாளையத்து ஹக்கீம் ஒருத்தர் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு சொந்தமாகச் சொல்லுவார், ‘ஜாலினூஸ் இதுக்கு ஒத்துக்கிட மாட்டாரு’ என்று.

கதை கோஸ் என்ற தீவில் தொடங்குகிறது. புக்ராத் பிறந்தது கி.மு. 460 வாக்கில். அவர் பேரில் வழங்கும் நூல்களில் மனித இயல்பு பற்றிய ஒன்றில்தான் நாலு நீர்மங்களும் தெளிவாக வரிசையாக வருகின்றன. அதை எழுதியவர் அவருடைய மருமகன் பாலிபஸ் என்று சொல்வதுண்டு. நெருப்பு, காற்று, நீர், மண் என்ற நாலு மூலங்களைச் சொன்னவர் சிசிலித் தீவின் எம்பெடோக்ளிஸ். சூடு, குளிர், ஈரம், வறட்சி என்ற நாலு குணங்களை அவற்றோடு பொருத்தியவர் அரிஸ்டாட்டில். இதையெல்லாம் சேர்த்துப் பின்னிக் கட்டிடமாக எழுப்பியவர் ஜாலினூஸ். கி.பி. 129இல் இன்றைய துருக்கியில் உள்ள பெர்கமம் நகரில் பிறந்தவர். கத்திச் சண்டை போடும் மல்லர்களுக்கு வைத்தியராக இருந்து, பிறகு ரோமாபுரி போய்ப் பேரரசர் மார்கஸ் அரேலியஸ் வரைக்கும் மருத்துவம் பார்த்தார். மனித உடலை அவர் அறுத்துப் பார்த்ததில்லை, குரங்குகளைத்தான். அதனால் வந்த பிழைகள் ஆயிரத்துச் சொச்சம் வருஷம் புத்தகங்களில் குடியிருந்தன.

எனக்குப் பிடித்த ஆள் ஹுனைன் இப்னு இஸ்ஹாக். ஒன்பதாம் நூற்றாண்டு பாக்தாத். ஹீரா ஊர்க் கிறிஸ்தவர். ஜாலினூஸின் நூல்களைத் தேடித் தேடிச் சிரியாக்கிலும் அரபியிலும் பெயர்த்தவர். ஒரே ஒரு நூலுக்காக இராக், சிரியா, பாலஸ்தீனம், எகிப்து என்று அலைந்து அலெக்சாந்திரியா வரை போனார். கிடைத்தது டமாஸ்கஸில் பாதிதான். அதை அவரே எழுதி வைத்திருக்கிறார். இப்போது நாம் ஒரு பிடிஎஃப் திறக்கவில்லை என்றால் முகம் சுளிக்கிறோம்.

பிறகு ராஸி. பெரியம்மையையும் தட்டம்மையையும் வேறு வேறு நோய் என்று பிரித்து எழுதியவர். அவர் ஜாலினூஸை மதித்ததோடு நிற்கவில்லை. ‘ஜாலினூஸ் மீது ஐயங்கள்’ என்றே ஒரு நூல் எழுதினார். அடுத்து இப்னு சீனா, 980 முதல் 1037 வரை வாழ்ந்தவர். அவருடைய கானூன் என்ற மருத்துவ நூல் ஐந்து பாகம். டொலேடோவில் லத்தீனுக்குப் போய் ஐரோப்பியக் கல்லூரிகளில் பதினேழாம் நூற்றாண்டு வரை பாடமாக இருந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் கெய்ரோவில் இப்னு நஃபீஸ், அந்தக் கானூனுக்கே உரை எழுதும்போது, இதயத்தின் நடுச்சுவரில் ஜாலினூஸ் சொன்ன துளைகள் கிடையாது, ரத்தம் நுரையீரல் வழியாகத்தான் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகிறது என்று எழுதிவிட்டார். குருவின் பேச்சை அப்படியே ஒப்பிப்பதுதான் இந்த வைத்தியம் என்று யாராவது சொன்னால் ராஸியையும் இவரையும் காட்டுங்கள்.

இந்தியாவில் டில்லி சுல்தான்கள் காலத்தில் வேர்விட்டது. ஹக்கீம் அஜ்மல் கான் தொடங்கிய டில்லி திப்பியா கல்லூரியை 1921இல் காந்தி திறந்துவைத்தார். சர்ப்பகந்தி வேரிலிருந்து 1931இல் பிரித்தெடுத்த ஒரு பொருளுக்கு அஜ்மலின் என்று அவர் பேரையே வைத்தார்கள். இதயத் துடிப்பில் ஒருவகைக் கோளாறு ஒளிந்திருக்கிறதா என்று பார்க்க இன்றைக்கும் மருத்துவமனைகளில் அதைப் பயன்படுத்துகிறார்கள். தமிழ்நாட்டில் சென்னை அரும்பாக்கத்தில் அரசு யூனானிக் கல்லூரி இருக்கிறது.

சூடு என்றால் எந்தச் சூடு

குறளில் ‘வளிமுதலா எண்ணிய மூன்று’. நமக்கு வாதம், பித்தம், கபம். யூனானியில் நாலு. நம்முடைய வளிக்கு அங்கே தனி இருக்கை இல்லை. அங்கே ரத்தமே ஒரு நீர்மம். அதனால் சித்த வைத்தியத்தில் உங்களுக்குப் பித்த உடம்பு என்று சொன்னதை இங்கே அப்படியே பெயர்த்து வைக்காதீர்கள். நிறையப் பேர் சறுக்குகிற இடம் இதுதான்.

ஒவ்வொரு நீர்மத்துக்கும் இரண்டு குணம். ரத்தம் சூடும் ஈரமும். மஞ்சள் பித்தம் சூடும் வறட்சியும். கபம் குளிரும் ஈரமும். கரும்பித்தம் குளிரும் வறட்சியும். ஓர் ஆளிடம் எது மேலோங்கி நிற்கிறதோ அதை வைத்து தமவி, சஃப்ராவி, பல்கமி, சவ்தாவி என்று நாலு மிஜாஜ். மிஜாஜ் என்றால் கலவை. டீயில் பாலும் சாயமும் சேர்கிற மாதிரி. கலந்த பிறகு பாலை மட்டும் தனியாகக் காட்ட முடியாதில்லையா?

சிங்கப்பூரில் வளர்ந்தவர்களுக்கு இது புரியச் சிரமமே இல்லை. எங்கள் புளோக்கில் எதிர்வீட்டுச் சீன ஆன்ட்டி டுரியான் தின்ற கையோடு மங்குஸ்தான் தின்னச் சொல்லுவார். ஒன்று சூடு, மற்றது குளிர்ச்சி. மலாய்க்காரத் தோழி ‘பானாஸ்’, ‘செஜுக்’ என்பாள். நன்னாவும் வெந்தயத்தையும் வெள்ளரியையும் வைத்துக்கொண்டு அதையேதான் பேசுவார். தெர்மாமீட்டரில் ஏறுகிற சூடு வேறு. உள்ளே போனபின் உடம்பை எந்தப் பக்கம் தள்ளுகிறது என்பதே இந்தப் பேச்சில் கணக்கு. அதனால்தான் கொதிக்கக் கொதிக்கக் குடித்த பார்லித் தண்ணீர் குளிர்ச்சி, ஐஸ் போட்ட இஞ்சித் தண்ணீர் சூடு.

ஒன்று மட்டும் அண்டை வீட்டுக் கணக்கில் இல்லை. யூனானியில் ஒவ்வொரு பொருளுக்கும் நாலு படிகள். முதல் படியில் உடம்புக்குத் தெரிந்தும் தெரியாமலும் வேலை செய்யும். நாலாம் படியில் கெடுக்கும், கொல்லவும் செய்யும். பார்லி குளிர் முதல் படி. வெள்ளரி இரண்டு. அபின் நாலு. ‘சூடுன்னு சொன்னா பாதி, எத்தனாம் படின்னு சொன்னாத்தான் முழுசு’ என்பார் நன்னா.

இனி நோட்டை எடுங்கள்

முதல் வேலை தொட்டுப் பார்ப்பது. காலையில், குளிப்பதற்கு முன்னால், குளிரூட்டி போட்டுத் தூங்கியிருந்தால் அதை அணைத்து அரை மணி நேரம் கழித்து. எம்ஆர்டியில் இருந்து இறங்கி வந்த கையோடு பார்த்தால் எல்லாரும் பல்கமிதான். உங்களை நீங்களே தொடாதீர்கள், இன்னொருவர் தொட வேண்டும். உடம்பிலேயே மிகவும் சமநிலையான இடம் சுட்டுவிரல் நுனித் தோல் என்கிறார் இப்னு சீனா. எனவே விரல் நுனியால் முன்கையின் உள்பக்கம், கழுத்துப் பின்புறம், வயிறு என்று மூன்று இடம். சூடா, குளிர்ச்சியா, பிசுபிசுப்பா, சொரசொரப்பா என்று அந்த ஆள் வாயால் சொல்ல நீங்கள் எழுதுங்கள். மூன்று நாள் பார்த்தால் ஒரு போக்கு தெரியும்.

அடுத்து மற்ற அடையாளங்கள். நூல்களில் மொத்தம் பத்து. தொடுகையோடு சதைப்பிடிப்பு, முடி, நிறம், உடல் அமைப்பு, வெயிலுக்கும் குளிருக்கும் உடம்பு எப்படி நடந்துகொள்கிறது, தூக்கம், உறுப்புகளின் வேலை, கழிவுகள், மனநிலை. பத்தையும் சமமாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை என்பது என் அனுபவம். நிறத்தை நான் கடைசியில்தான் பார்ப்பேன். வெளுத்த தோலை மனதில் வைத்து எழுதியவை அவை. ‘முகம் சிவந்திருக்கும்’ என்றால் நம் நிறத்தில் எங்கே போய்ப் பார்ப்பது? உதடு, நகக்கண், கீழ் இமையின் உள்பக்கம், உள்ளங்கை. ரத்தம் எடுக்கிறவர்களும் அங்கேதான் பார்ப்போம்.

எனக்கு அதிகம் பேசுகிற அடையாளங்கள் மூன்று. தாகம், தூக்கம், கோபம். தண்ணீர் பாட்டில் கையில் இல்லாமல் வெளியே இறங்க மாட்டார், ஐந்து நிமிஷம் பஸ் தாமதமானால் முணுமுணுப்பார், கோபம் வந்த வேகத்தில் போய்விடும், ஒல்லி, வெயில் ஆகாது என்றால் சஃப்ராவிப் பக்கம். படுத்ததும் குறட்டை, தாகமே தெரியாது, மழை நாளில் மூக்கடைப்பு, எதற்கும் அவசரமில்லை என்றால் பல்கமி. என் வீட்டுக்காரர் இந்த ரகம். தூக்கம் பிடிக்காமல் ராத்திரி இரண்டு மணிக்கு மத்திய சேமநிதிக் கணக்கை மனதுக்குள் கூட்டிப் பார்க்கிறவர், தோல் வறண்டவர், போன வருஷம் யாரோ சொன்ன ஒரு சொல்லை இன்னும் விடாதவர் சவ்தாவி. கலகலவென்று பேசி, வியர்த்து, நன்றாகச் சாப்பிட்டு, ஆழ்ந்து தூங்கி எழுகிறவர் தமவி. அப்படிப்பட்டவர்கள் இந்தக் கட்டுரையைப் படிக்க மாட்டார்கள், அவர்களுக்கு எங்கே நேரம்.

இரண்டு எச்சரிக்கை. ஒற்றைப் பட்டத்தைத் தேடாதீர்கள், பெரும்பாலானவர் இரண்டுக்கும் நடுவில் நிற்பார்கள். அப்புறம், வயசு. பிள்ளைகளுக்கு இயல்பிலேயே சூடும் ஈரமும். வயசு ஏற ஏற வறட்சியும் குளிரும். எழுபது வயதுப் பெரியவரையும் பேரனையும் ஒரே அளவுகோலில் வைக்க முடியாது. நீங்கள் இருபதில் சஃப்ராவியாக இருந்திருக்கலாம், இப்போது இல்லாமலும் போகலாம்.

ஆறு கட்டம்

மிஜாஜ் தெரிந்ததும் எல்லாரும் ‘அப்போ என்ன சாப்பிடலாம்?’ என்று பாய்கிறார்கள். நன்னா அங்கே போகவே மாட்டார். உட்கார வைத்து ஆறு விஷயம் கேட்பார். காற்று, சாப்பாடும் குடிப்பும், உடம்பின் அசைவும் ஓய்வும், மனசின் அசைவும் ஓய்வும், தூக்கமும் விழிப்பும், வெளியேற்றமும் அடக்குதலும். தவிர்க்க முடியாத ஆறு காரணங்கள் என்று இவற்றுக்குப் பேர். உயிரோடு இருக்கிறவன் இந்த ஆறையும் தாண்டி ஒரு நாள் கழிக்க முடியாது. இந்த முழு வைத்தியத்திலும் என்னை இன்றைக்கும் பிடித்து வைத்திருக்கும் பகுதி இதுதான்.

நோட்டில் ஏழு நாளுக்கு ஆறு கட்டம் போடுங்கள். கட்டத்துக்கு ஒரு வரி போதும். ‘காற்று’ என்ற கட்டத்தில் வானிலை எழுதி ஏமாறாதீர்கள். நீங்கள் உண்மையில் எந்தக் காற்றில் எத்தனை மணி நேரம் இருந்தீர்கள்? நம் ஊரில் வெளியே முப்பத்திரண்டு டிகிரி ஈரக்காற்று, உள்ளே இருபத்திரண்டு டிகிரி வறண்ட காற்று, ஒரு நாளில் எட்டு தடவை மாறுகிறோம். பாக்தாதில் இருந்துகொண்டு இதை யாரும் யோசித்திருக்க மாட்டார்கள்.

என் பழைய நோட்டு ஒன்று, 2009. இரவுப் பணி வாரம். வாரத்தில் இரண்டு நாள் மண்டையிடி வந்துகொண்டிருந்தது, நாட்பட்டுப் போயிருந்தது. செவ்வாய்: ‘காற்று, குளிர், 10 மணி நேரம். சாப்பாடு, ராத்திரி ஒரு மணிக்குப் பரோட்டா, ஐஸ் மைலோ. அசைவு, நின்றபடி. மனசு, புதுப் பிள்ளையோடு வாக்குவாதம். தூக்கம், பகலில் மூன்று மணி நேரம். வெளியேற்றம், இல்லை.’ புதனும் அதே கதை, வாக்குவாதம் மட்டும் இல்லை. வியாழன் மண்டையிடி. வெள்ளி விடுப்பு. சனி, ஞாயிறு ஒன்றுமில்லை. மூன்று வாரம் எழுதியபின் பார்த்தால், நான் சந்தேகப்பட்ட வெயிலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ‘வெளியேற்றம், இல்லை’ என்று இரண்டு நாள் வரிசையாக எழுதிய மறுநாள்தான் தலை இடித்திருக்கிறது. பணியின்போது கழிப்பறை போக நேரமில்லாமல் தண்ணீர் குடிப்பதையே குறைத்து வைத்திருந்தேன். ரத்தம் எடுக்கப் போகும்போதெல்லாம் நோயாளியிடம் ‘தண்ணி குடிச்சீங்களா, நரம்பு கிடைக்கல’ என்று கேட்கிற அதே வாய்.

நீர்மக் கணக்கை நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி, இந்த நோட்டை எடுத்துக்கொண்டு பலதுறை மருந்தகத்துக்குப் போங்கள். டாக்டர் சந்தோஷப்படுவார்.

நாடி பற்றி இரண்டு வார்த்தை

வீட்டில் முயல வேண்டாம். நாடியின் பரிமாணம், வேகம், வலு, இடைவெளி என்று பத்து குணம் பார்க்க வேண்டும். அதற்குப் பல வருஷப் பழக்கம் தேவை. ஆனால் ஒரு கதை சொல்லாமல் போக முடியவில்லை. ரோமாபுரியில் ஜஸ்டஸ் என்பவரின் மனைவிக்குத் தூக்கமில்லை, காரணமும் சொல்லவில்லை. ஜாலினூஸ் கையைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது வந்த ஒருவர், பைலடீஸ் என்ற கூத்தாடி ஆடுவதைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொன்னார். நாடி தாறுமாறாக ஓடியது. மறுநாள்களில் வேறு ஆட்டக்காரர்களின் பேரைச் சொல்ல வைத்துப் பார்த்தார், அசைவில்லை. பைலடீஸ் பேர் மறுபடி வந்ததும் திரும்பவும் ஓட்டம். நோய் இன்னதென்று தெரிந்துவிட்டது. எங்கள் சின்னம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நன்னா ஒவ்வொரு மாப்பிள்ளை பேராகச் சொன்னதை இன்னும் வீட்டில் சொல்லிச் சிரிப்பார்கள். சின்னம்மா மட்டும் சிரிக்க மாட்டார்.

கை வைக்கக் கூடாத இடங்கள்

இங்கே விளையாட்டுப் பேச்சு கிடையாது. எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர், ‘மாஜூன்’ என்று யாரோ கொடுத்த இனிப்பு லேகியத்தை நம்பிச் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டார். மூன்றாம் வாரம் அவசரப் பிரிவில் அவர் கையில் நானே ஊசி போட்டேன். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் நீர்மக் கணக்குக்கு உட்படாது. டாக்டர் கொடுத்ததை நிறுத்தாதீர்கள். குஷ்தா என்று வரும் பொடிகள், நம்ம ஊர் பஸ்பம் போல உலோகத்தைச் சுட்டுச் செய்தவை, அவற்றைத் தொடவே வேண்டாம். ஈயமும் பாதரசமும் உடம்பில் ஏறியிருப்பதை எங்கள் இயந்திரம் காட்டும், மிஜாஜ் காட்டாது. ரத்தம் இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஹிஜாமா, அதாவது தோலைக் கீறிக் கிண்ணம் கவிழ்த்து ரத்தம் உறிஞ்சுவது, மலாய்க்காரர்கள் பெக்காம் என்பது, அந்தப் பக்கம் போகக் கூடாது. சிங்கப்பூரில் சீன மருத்துவர்களைப் பதிவு செய்ய 2000ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. ஹக்கீம்களுக்கு அப்படி ஒன்று இல்லை. யார் என்ன படித்தார் என்று நீங்கள்தான் விசாரிக்க வேண்டும்.

நிலவாகையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அரபியில் சனா. திருநெல்வேலி, தூத்துக்குடிக் கரிசலில் விளைவது உலகம் முழுக்கப் போகிறது. நன்னா அதை மலச்சிக்கலுக்குக் கொடுத்தார். எங்கள் மருந்தகத்தில் சென்னா மாத்திரை என்று கொடுக்கிறார்கள், அதே இலைதான். ‘நம்ம ஊர் மூலிகைதானே’ என்று மாதக்கணக்கில் தினமும் குடித்தால் உடம்பில் பொட்டாசியம் இறங்கும். அந்த எண்ணையும் நான் திரையில் பார்த்திருக்கிறேன்.

கரும்பித்தத்தைப் பற்றி ஒரு பாக்கி. 1994இல், எழுபத்தொன்பது வயதில், நன்னா சோதனைக்கு எங்கள் கூடத்துக்கே வந்தார். கை நீட்டி, ‘நல்லாக் குத்து புள்ள’ என்றார். குழாயை நிற்க வைத்து ஒரு மணி நேரம் கழித்துக் காட்டினேன். பெருமையாக, ‘நன்னா, இந்தா உங்க நாலும்’ என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். மஞ்சளைக் காட்டித் தலையாட்டினார். வெளிறிய பட்டைக்கும் ஆட்டினார். அடியில் விரலை வைத்து, ‘இது சவ்தாவா?’ என்றார். ஆமாம் என்றேன். ‘இது ரத்தமாத்தானே தெரியுது. காத்து படாததால கறுத்துக் கிடக்கு’ என்றார். எங்கள் பாடப் புத்தகத்தில் இருப்பதும் அதுதான். கரும்பித்தம் என்று தனியாக ஒரு நீர்மத்தை எந்த உடம்பிலும் யாரும் எடுத்துக் காட்டியதில்லை.

கடைசியில் சிக்கஞ்சபீன்

இவ்வளவு படித்ததற்கு வாய்க்கு ஏதாவது வேண்டாமா? கிரேக்கர்கள் ஆக்ஸிமெல் என்றார்கள், காடியும் (வினிகர்) தேனும் கலந்தது. பாரசீகத்தில் சிர்கா காடி, அங்கபீன் தேன், இரண்டும் சேர்ந்து சிக்கஞ்சபீன். சஃப்ராவிகளுக்கு நன்னா முதலில் எழுதுவது இதைத்தான். மருந்தாக நினைக்காமல் சர்பத்தாகச் செய்யுங்கள்.

ஒரு கப் தேன், அரை கப் தண்ணீர். அடிகனமான பாத்திரத்தில் சின்னத் தீ. அலுமினியம் வேண்டாம், காடி அதைத் தின்னும். நுரை எழும்பும்போது கரண்டியால் வழித்து எடுத்துக்கொண்டே இருங்கள், இந்த இடத்தில் அவசரப்பட்டால் கடைசியில் கலங்கலாக நிற்கும். நுரை அடங்கியதும் அரை கப் காடி. சாதாரண வெள்ளைக் காடி மூக்கைத் துளைக்கும், திராட்சைக் காடியோ ஆப்பிள் காடியோ நல்லது. பத்து நிமிஷம் மெல்லக் கொதித்தால் கரண்டியின் பின்புறத்தில் லேசாக ஒட்டும். அடுப்பை அணைத்து, தேக்கா சந்தையில் ஒரு கட்டு புதினா வாங்கி வந்து, கழுவி ஈரம் போகத் துடைத்து, தண்டோடு உள்ளே அமுக்கி மூடி வைத்துவிடுங்கள். ஆறியதும் புதினாவைப் பிழிந்து எடுத்துவிட்டு வடிகட்டிக் கண்ணாடிப் போத்தலில் ஊற்றுங்கள். ஒரு தம்ளர் தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி. நன்னா பானைத் தண்ணீரில்தான் கலப்பார்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் வயிற்றுப்புண் இருப்பவர்களுக்கும் இது வேண்டாம். ஒரு வயசு ஆகாத பிள்ளைக்குத் தேன் எந்த உருவத்திலும் கூடாது. குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒரு மாதம் நிற்கும். எங்கள் வீட்டில் அவ்வளவு நாள் நின்றதில்லை. பல்கமி, குளிர் ஆகாது, காடி ஆகாது என்று நோட்டில் நான் சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கும் என் வீட்டுக்காரர்தான் ஐஸ் போட்டு முதலில் காலி பண்ணுவார்.